ட்ரிப் போட்டாச்சு... அப்புறம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு விவசாயி சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறுகிறார் என்றால், பெரும்பாலும் அவரை மாற்றியது தண்ணீர்ப் பஞ்சம் அல்ல, ஆள் பஞ்சம்.

செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனி வேன் விடிவதற்குள் ஊர்முனைக்கு வந்துவிடுகிறது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பெண்கள் அதில் ஏறிப் போய்விடுகிறார்கள். மற்றவர்களுக்கு நூறு நாள் வேலை இருக்கிறது. திருவண்ணாமலையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனம் நடக்கும்போது, இளநீர், டீ, பூ, ஆட்டோ என்று டவுன் ஆளை இழுத்துக்கொள்கிறது. அப்புறம் கரும்புக்குக் களை வெட்டவும், மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை கொத்தவும், ராத்திரி இரண்டு மணிக்கு மும்முனை கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு எழுந்துபோய் மடை மாற்றவும் யார் இருக்கிறார்கள்? ஐம்பதைத் தாண்டிய புருஷனும் பெண்டாட்டியும்தான்.

ட்ரிப் போட்டால் மடை மாற்ற வேண்டாம், வால்வைத் திருப்பினால் போதும். செடி நிற்கும் இடம் மட்டும் நனைவதால் நடுச்சாலில் களை குறைவு. உரத்தைக் கூடையில் சுமந்து வீசவும் வேண்டாம். வென்சுரி என்ற உரம் கலக்கும் கருவி வழியாகத் தண்ணீரோடு போய் வேரிலேயே இறங்கிவிடும். இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் விவசாயி தலையாட்டுகிறார். தண்ணீர் மிச்சமாவது அவருக்குக் கொசுறு.

வேளாண்மைத் துறைக் கூட்டங்களில் பேச்சு இதற்கு நேர் எதிர்த்திசையில் ஓடும். நிலத்தடி நீர் மட்டம், பருவநிலை மாற்றம், வருங்காலச் சந்ததி என்று மேடையில் இருப்பவர் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால், 1990 வாக்கிலிருந்து தமிழ்நாட்டு விவசாயிக்குப் பாசன மின்சாரம் இலவசம். கிணற்றில் தண்ணீர் நிற்கும் வரைக்கும், அதைக் குறைத்து இறைத்தால் அவர் கையில் ஒரு ரூபாயும் மிஞ்சாது. உடனே, இலவச மின்சாரத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து உழவர்கள் துப்பாக்கிச்சூட்டில் செத்த மாநிலம் இது. நான் கேட்பது, நீர்ச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும் என்பதை மட்டும்தான். இந்த மாவட்டத்தில் அந்த வாசல், ஆள் கூலி.

பாறைமேல் விவசாயம்

2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அடுத்த நாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிட்டதில் தென்பெண்ணைக் கரையோரம் முழுக்க வெள்ளக்காடானது. அப்படிப்பட்ட மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர்ச் சிக்கனமா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்கிற மாவட்டம்தான் இது. பெய்வதை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் நிலத்துக்கு வயிறு சின்னது.

மாவட்டத்தின் பெரும்பகுதி கடும்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதற்குக் கீழே அங்கங்கே விரிசல்கள், அவ்வளவுதான் தண்ணீர் தங்கும் இடம். கார்த்திகை தீபத்தின்போது தளும்பும் கிணறு சித்திரையில் அடி தெரியக் கிடப்பது இதனால்தான். 1958-ல் கட்டி முடித்த, 119 அடி உயரம் நீர் பிடிக்கும் சாத்தனூர் அணை தன் ஆயக்கட்டுக்குத்தான் பாயும். செண்பகத்தோப்பு, குப்பநத்தம், மிருகண்டாநதி அணைகள் சிறியவை. நீர்வளத் துறையின் கையில் மட்டும் ஏறத்தாழ 700 ஏரிகள் இருக்கின்றன. அவை நிரம்பினாலும் ஒரு போகத்துக்கு உத்தரவாதம், அடுத்ததற்குக் கிணற்றைத்தான் நம்ப வேண்டும். கிணறு வற்றினால் உள்ளேயே பக்கவாட்டில் போர் போடுவது, அதுவும் ஓய்ந்தால் காட்டின் மூலையில் ஆழ்துளை போடுவது என்று ஒவ்வொரு குடும்பமும் பூமிக்குள் கொட்டிய பணத்தில் ஒரு கல்யாணத்தை முடித்திருக்கலாம்.

2020-ம் ஆண்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435, ஊறுவதைவிட அதிகமாக இறைக்கிற இடங்கள் என்று வகைப்படுத்தப்பட்டன. 'பாதுகாப்பானது' என்ற பெயரோடு மிஞ்சியவை 409 மட்டுமே. திருவண்ணாமலை மாவட்டத்துக் குறுவட்டங்கள் பல முதல் பட்டியலில்தான் நிற்கின்றன.

நூறு சதவீதம்

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் போட, சிறு குறு விவசாயிக்கு ஐந்து ஏக்கர் வரை நூறு சதவீத மானியம்; மற்றவர்களுக்கு 75 சதவீதம். மத்திய அரசு தரும் பங்கின்மேல் மாநில அரசு தன் பங்கைப் போட்டு நிரப்புகிறது. இந்த அளவுக்குத் தாராளம் காட்டும் மாநிலங்கள் நாட்டில் அதிகம் இல்லை. தனியாக, துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டம் என்று ஒன்றும் உண்டு. மோட்டாருக்கு 15,000 ரூபாய், கிணற்றிலிருந்து வயலுக்குக் குழாய் பதிக்க ஹெக்டேருக்கு 10,000 ரூபாய், தரைமட்டத் தொட்டி கட்ட 40,000 ரூபாய் வரை என்று அதில் உச்சவரம்பு வைத்தார்கள். கரண்ட் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பிவைத்து, வேண்டிய நேரத்தில் ட்ரிப்பில் விடலாம் என்பது யோசனை. உருப்படியான யோசனைதான். தொட்டி கட்டியவர்கள்தான் குறைவு.

விண்ணப்பிக்க ஆதார், சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று வேண்டும். சொல்லக் கேட்டால் எளிது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அல்லது அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும், அதில் ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தையில் இல்லாதவராக இருப்பார். குத்தகைக்கு உழுகிறவருக்கு இந்தக் காகிதங்களில் ஒன்றும் இல்லை. பாகம் பிரிக்காத நிலத்தில் ஐந்து ஏக்கர் உழும் ஒருவரைவிட, ஒழுங்காகப் பத்திரம் வைத்திருக்கும் ஒரு வாத்தியார் சீக்கிரமாக ட்ரிப் வாங்கிவிடுகிறார். இதில் வாத்தியார் மேல் குற்றமில்லை.

காகிதம் முடிந்தால் கம்பெனி ஆட்கள் வருவார்கள். மெயின் லைனுக்குப் பள்ளம் வெட்டி, பி.வி.சி. குழாய் பதித்து, சப் மெயினில் துளையிட்டு, லேட்டரல் ஓஸைச் செருகி, ஃபில்டரை மாட்டி, மோட்டாரைப் போட்டுக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதிகாரி வந்து பார்ப்பார். மானியம் கம்பெனிக்குப் போய்விடும். விவசாயி கையில் இருப்பது குழாயில் துளை போடும் ஒரு பஞ்சர், கொஞ்சம் ஜாயின்டர், எண்ட் கேப், ஒரு போன் நம்பர்.

அப்புறம்?

முதல் வருஷம் பிரச்சினை தெரியாது. இரண்டாம் வருஷம் கோடையில் கடைசி வரிசைச் செடிகள் வாடும். உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் சொட்டும் வாய் வெள்ளையாகப் பூத்து அடைத்திருக்கும். அணிலும் எலியும் ஓஸைக் கடித்து வைத்திருக்கும். ஜாயின்டர் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். களை வெட்டும்போது மண்வெட்டி பட்டு இரண்டு இடத்தில் பீய்ச்சும். ஒருநாள் கோபத்தில் ஓஸை எல்லாம் சுருட்டி வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டு, பழையபடி வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிடுவார். பக்கத்து வயல்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். பத்துக் கூட்டம் போட்டு வளர்த்த நம்பிக்கையை அந்த ஒரு வேப்பமரம் கெடுத்துவிடும்.

சும்மா கொடுத்ததால்தான் மதிப்பில்லை என்று அதிகாரிகள் சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இலவசமாகத் தந்த சைக்கிளைப் பிள்ளைகள் ஓட்டாமலா விட்டார்கள்? சைக்கிளுக்குத் தெருமுனையில் பஞ்சர் கடை இருந்தது. ட்ரிப்புக்கு அந்தக் கடை இல்லை.

ஒரு டம்ளர், ஒரு கடிகாரம்

உண்மையில் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. ஒரு காலைப் பொழுதில் வரப்பில் நின்றே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஃபில்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் பிரஷர் மீட்டர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஏரித் தண்ணீரோ பாசி பிடித்த திறந்த கிணற்றுத் தண்ணீரோ என்றால் வலை ஃபில்டர் மட்டும் போதாது, மணல் ஃபில்டரும் வேண்டும். வாரத்துக்கொரு தடவை லேட்டரல் நுனியில் எண்ட் கேப்பைத் திறந்துவிட்டால், முதலில் காவி நிறத்தில் சேறு வரும், பிறகு தெளியும். தெளிந்த பிறகு மூடலாம். உப்பு அடைப்புக்கு ஆசிட் விட வேண்டும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டுமே தவிர, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊறவிட்டு, மறுநாள் ஓஸின் நுனியைத் திறந்து நன்றாக அலசிவிட வேண்டும்.

எல்லாச் செடிக்கும் சமமாகப் போகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. மணிக்கு 4 லிட்டர் சொட்டும் வாய், மூன்று நிமிஷத்தில் 200 மில்லி சொட்டும். ஒரு காபி டம்ளரையும் செல்போன் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, வால்வு பக்கத்தில் ஒரு செடி, நடுவில் ஒன்று, கடைசி வரிசையின் கடைசியில் ஒன்று என்று பிடித்துப் பார்த்தால் வயலின் ஜாதகம் தெரிந்துவிடும். முதல் செடியில் டம்ளர் நிறைந்து, கடைசிச் செடியில் கால் டம்ளர்தான் என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய வரிசைகளைத் திறந்துவிட்டிருக்கிறோம்.

இதைவிடக் கஷ்டமானது, எவ்வளவு நேரம் விடுவது என்பது. வழிவழியாகக் கண் பழகியது வேறு. வரப்புக்கு வரப்பு தண்ணீர் மினுங்கினால்தான் பாய்ச்சிய திருப்தி. ட்ரிப்பில் மேலே ஓஸ் ஓரத்தில் ஒரு சாண் ஈரம்தான் தெரியும், சுற்றிலும் புழுதி பறக்கும். உள்ளே ஈரம் வெங்காயம் போல அகன்று இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. 'செடிக்குப் பத்தாது போலிருக்கே' என்று இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என்று ஓடும். தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கும், கூடவே காசு கொடுத்து வாங்கிய யூரியாவும் பொட்டாஷும் இறங்கும்.

கணக்குப் போட்டால் வெளிச்சமாகிவிடும். ஐந்து அடிக்கு ஒரு வரிசை, இரண்டு அடிக்கு ஒரு சொட்டுவாய் என்று கரும்புக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,350 வாய். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால், மொத்தம் 17,400 லிட்டர். பயிர் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் குடிக்கிறது என்று வைத்தால், ஏக்கருக்கு 20,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பத்து நிமிஷம் கூட. கத்திரி வெயிலில் ஒன்றரை மணி நேரம். வாய்க்கால் பாசனத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு தடவை கட்டினாலே ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர் போய்விடுகிறது. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி ஈர மண்ணைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னால், இந்த எண்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உருண்டை பிடிக்க வந்தால் இன்று மோட்டார் வேண்டாம்.

எந்தக் கம்பெனிக்காரரும் இந்த டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதை நான் பார்த்ததில்லை.

நெல் கேட்காத பேச்சு

ட்ரிப் கரும்புக்கும், வாழைக்கும், திருவண்ணாமலை பூ மார்க்கெட்டை நம்பி நட்ட சம்பங்கி, சாமந்திக்கும் சரி. மல்லாட்டைக்குத் தெளிப்பான், மழைத்தூவான். இந்த மாவட்டத்தின் நிஜமான தண்ணீர்ச் செலவு நெல்லில் இருக்கிறது. ஆரணி அரிசிக்கு ஊரெல்லாம் பெயர். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டமும் நெல் போடுகிறவர்கள் இங்கே உண்டு. நவரையும் சொர்ணவாரியும் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில்தான். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஏக்கருக்கு ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர்.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. முதலாவது, மடகாஸ்கரில் 1983-ல் ஹென்றி டி லௌலானி என்ற பாதிரியார் கண்டறிந்தது; தமிழ்நாட்டில் அதற்குத் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக 25 சென்டிமீட்டர் இடைவெளி, கோனோவீடரால் களையை மிதித்துத் தள்ளுவது, மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்பு விட்டதும் தண்ணீர் கட்டுவது. 2007-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. விளைச்சல் கூடியது உண்மை, விதை மிச்சமானதும் உண்மை. இருந்தும் திட்டம் போன ஊர்களில் பலர் ஓரிரு போகத்தோடு விட்டுவிட்டார்கள். ஏக்கர் கணக்கில் மொத்தமாகப் பேசி நடவு நடும் பெண்களிடம் போய், கயிறு பிடித்து ஒற்றை நாற்றாக நடு என்றால் நேரமும் ஆகும், கூலியும் கூடக் கேட்பார்கள். களிமண் வயலில் கோனோவீடரை முன்னும் பின்னும் தள்ளுவது ஆளைக் கொல்லும் வேலை. ஆளை மிச்சம் பிடிக்கத் தவிக்கும் விவசாயிக்கு, ஆளைக் கூட்டும் தொழில்நுட்பம். நடவு இயந்திரம் வந்த பிறகு வரிசை நடவு குறைந்த உழைப்பில் கிடைக்கிறது; அதனால் இப்போது இயந்திரத்துக்கு வேண்டிய பாய் நாற்றங்கால் பரவுகிறது.

இரண்டாவது வழி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு குழாயைக் கொடுத்தது. அரை அடி விட்டமுள்ள பி.வி.சி. குழாயை ஒன்றே கால் அடிக்கு வெட்டி, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, வயலில் அடித்து இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். பக்கத்து மண்ணில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ அதே மட்டம் குழாய்க்குள் தெரியும். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை மோட்டார் போட வேண்டாம். இறங்கியதும் இரண்டு அங்குலம் கட்டலாம். பூக்கும் தருணத்தில் முன்னே ஒரு வாரம் பின்னே ஒரு வாரம் மட்டும் வயல் காயக் கூடாது. சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் மிச்சமாகும் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும். குழாய்த் துண்டுக்கு ஆகும் செலவு ஒரு டிபன் செலவு.

இவ்வளவு மலிவான ஒன்று ஏன் பரவவில்லை? ஒரு காரணம், வயலுக்கு வயல் வழிந்து போகும் ஏரிப் பாசனத்தில் நான் மட்டும் காயப்போடுகிறேன் என்று ஒருவர் முடிவெடுக்க முடியாது. கிணற்றுப் பாசனத்தில் முடியும். அங்கே குறுக்கே நிற்பது ஆட்டோ ஸ்டார்ட்டர். கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடிவிட வேண்டும் என்று ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு விவசாயி தூங்கப் போகிறார். குழாய்க்குள் எட்டிப் பார்க்க யாரும் இல்லை; மடை வழிந்து ரோட்டில் ஓடுகிறது. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் மிச்சம் பிடித்தது தூக்கத்தை. செல்போனில் மோட்டாரை நிறுத்தும் கருவிக்கு அரசு மானியம் தருகிறது. என் பார்வையில், நெல் விவசாயிக்கு அதுதான் முதல் நீர்ச் சிக்கனக் கருவி.

பக்கத்து மாவட்டத்துப் பாடம்

செங்கம் தாண்டினால் ஊத்தங்கரை, அரூர். 2004-ல் அந்தப் பக்கம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகள், 400 ஹெக்டேர். முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் இ.வடிவேல். உளிக்கலப்பையால் ஆழ உழுவது, குழித்தட்டு நாற்று, ட்ரிப்பில் நீரில் கரையும் உரம். முதல் ஆண்டுக் குழுவுக்கு நூறு சதவீத மானியம், இரண்டாம் ஆண்டுக்கு 90, மூன்றாம் ஆண்டுக்கு 80. மானியம் இறங்க இறங்கச் சேர்கிறவர்கள் குறைய வேண்டும். குறையவில்லை. முதல் ஆண்டுக்காரர்களின் தக்காளியும் கத்திரியும் சந்தையில் வாங்கிய விலை அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அங்கே நடந்தவற்றில் மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன. விஞ்ஞானிகள் பயிர்க்காலம் முழுக்க வயலுக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள்; விவசாயிகள் தங்களுக்குள் சங்கம் வைத்தார்கள், இடுபொருளும் விற்பனையும் அதன் வழியே நடந்தன; பார்க்க வந்தவர்களுக்கு விளக்கிச் சொன்னவர் அதிகாரி இல்லை, அந்த வயலின் சொந்தக்காரர். பார்க்கப் போவதற்குத் துறை வைத்திருக்கும் பெயர் கண்டுணர்வு சுற்றுலா. பஸ்ஸில் ஏற்றி, ஒரு வயலைக் காட்டி, சாப்பாடு போட்டு, போட்டோ எடுத்துத் திரும்பக் கூட்டிவருவது என்று அது சுருங்கிப்போன இடங்களும் உண்டு. தர்மபுரிக்காரர்கள் கூடவே வரவுசெலவு நோட்டையும் காட்டினார்கள்.

தமிழ் விவசாயி கற்றுக்கொள்ள மறுக்கிறவர் என்ற பேச்சுக்கு, 1960-களிலேயே பதில் இருக்கிறது. ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் திருச்சி வானொலி விடாமல் பேசியதில் தஞ்சை மாவட்ட விவசாயிகள் அதைத் தேடிப்போய் வாங்கினார்கள், 'ரேடியோ நெல்' என்றே பெயரும் வைத்தார்கள். விதையைக் கொண்டுபோவது சுலபம் என்று சொல்லலாம். விதைக்கு ஃபில்டர் கழுவ வேண்டாம்தான்.

மிச்சமான தண்ணீர் எங்கே போகிறது?

இனி, யாரும் மேடையில் பேச விரும்பாத விஷயம். ஒரு விவசாயி இரண்டு ஏக்கர் கரும்புக்கு ட்ரிப் போட்டு, ஒழுங்காகப் பராமரித்து, பாதித் தண்ணீரை மிச்சம் பிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் கிணற்றில் இருக்குமா? பக்கத்தில் கரம்பாகக் கிடந்த ஒரு ஏக்கரைத் திருத்தி அதற்கும் ஓஸ் இழுப்பார். நவரை அறுத்ததும் தண்ணீர் இருக்கிறதே என்று சொர்ணவாரி நாற்று விடுவார். கூடுதல் வருமானம் அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் நிலத்தடி நீர் ஒரு அடியும் ஏறாது. முன்பு வாய்க்காலில் பாய்ந்தபோது கீழே இறங்கிப் பக்கத்துக் கிணற்றில் ஊறிய கசிவும் இப்போது நின்றுவிடும். 2018-ல் 'சயன்ஸ்' இதழில் கிராஃப்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் உலகம் முழுக்க நடந்ததைத் தொகுத்து எழுதியது இதைத்தான். பாசனத்தில் சிக்கனக் கருவி கூடிய இடங்களில் மொத்த நீர் நுகர்வு பெரும்பாலும் குறைவதில்லை. எவ்வளவு இறைக்கலாம் என்று ஓர் எல்லை இருந்தால் மட்டுமே மிச்சம் மிச்சமாக நிற்கும்.

எல்லையை யார் போடுவது? சட்டம் போட்டுக் கிணற்றுக்குப் பூட்டுப் போட முடியாது. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில், நம் வடக்கு எல்லையை ஒட்டிய சித்தூர் உட்பட ஏழு வறட்சி மாவட்டங்களில், இதே கடும்பாறை நிலத்தில், 2003 வாக்கில் ஒரு வேலை தொடங்கியது. நெதர்லாந்து நிதியில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு நடந்த அந்தத் திட்டத்தில் விவசாயிகளுக்குக் குழாயோ மோட்டாரோ மானியமாகத் தரவில்லை. மழைமானியும் அளவு நாடாவும் கொடுத்துத் தங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்களே அளந்து சுவரில் எழுதச் சொன்னார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடி, இந்த ஆண்டு பூமிக்குள் இறங்கியது இவ்வளவு, எல்லோரும் நெல் போட்டால் இழுப்பது இவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். யாருக்கும் தடை இல்லை; துண்டு விழும் தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பலர் நெல்லைக் குறைத்துக் கடலைக்கும் பயறுக்கும் போனார்கள். உலக வங்கி 2010-ல் அதைப் பாராட்டி எழுதியது. திட்டம் முடிந்த பின் போய்ப் பார்த்தவர்கள், பல ஊர்களில் அளக்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது என்று எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் நீர் இறங்குவதற்கான வேலை நடந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்து வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதியை மீட்க நூறு நாள் வேலைத் திட்டப் பெண்கள் தடுப்பணைகளும் உறிஞ்சு கிணறுகளும் கட்டினார்கள். வரவை ஏற்றுகிற வேலை அது. செலவைக் கணக்குப் பார்க்கும் வேலை இன்னும் ஊர்க் கூட்டத்துக்கு வரவில்லை. கிராம சபையில் தெருவிளக்குக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே, தை மாதத்தில் நாலு கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிட்டு, சொர்ணவாரிக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று பேச அரை மணி நேரம் போதும்.

பதினோரு மணிப் பயிற்சி

வாழவச்சனூரில் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம், அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையம். ஒன்றியம்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம், அட்மா திட்டத்தில் வயல்வெளிப் பள்ளிகள், செல்போனில் உழவன் செயலி. கற்றுக்கொடுக்க ஆளோ கட்டடமோ இல்லாத மாவட்டம் இல்லை இது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், இந்த மாவட்டத்து விவசாயி வாய் திறக்கத் தயங்குகிறவர் இல்லை என்பதும் தெரியும். நூதனப் போராட்டத்துக்குப் பேர்போன கூட்டம் அது.

பயிற்சிக்கு அழைக்கப்படுகிறவர் யார் என்பதில்தான் கோளாறு. அழைப்பு பட்டாதாரருக்குப் போகிறது. அவர் வெள்ளை வேட்டியில் பதினோரு மணிக்கு ஒன்றிய அலுவலகக் கூடத்துக்கு வந்து, பவர்பாயின்ட் பார்த்து, கையெழுத்துப் போட்டு, தக்காளி சாதப் பொட்டலத்தோடு திரும்புகிறார். அதே பதினோரு மணிக்கு வால்வைத் திருப்பிக்கொண்டிருப்பது அவர் மனைவி; அல்லது கூலிக்கு இருக்கும் தோட்டத்து ஆள். ஃபில்டர் மூடியைக் கழற்றத் தெரிய வேண்டியது அந்தக் கைகளுக்கு. பிரஷர் மீட்டர் எதைக் காட்டுகிறது என்று அவர்களிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. முள் ஒன்று ஆடுகிறது, அவ்வளவுதான்.

செய்யக் கூடியது பெரிய காரியமில்லை. ஏற்கெனவே ட்ரிப் ஓடும் ஒரு வயலில், காலை ஏழு மணிக்கு, மோட்டார் ஓடும்போது கூடுவது. வீட்டுக்கு இருவர் வர வேண்டும், ஒருவர் பெண் என்று கட்டாயமாக்குவது. கூட்டுறவுச் சங்கத்தின் உரக் கிடங்கிலோ மகளிர் குழு நடத்தும் கடையிலோ ஜாயின்டர், எண்ட் கேப், வாஷர் கிடைக்கச் செய்வது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஊரில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு ஃபில்டர் வேலையும் ஆசிட் வேலையும் கற்றுக்கொடுத்து, வயலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்க விடுவது. ஒரு முறை மானியம் வாங்கியவர் ஏழு ஆண்டு கழித்து மறுபடி வாங்கலாம் என்ற விதி இருக்கிறது. அந்த ஏழு ஆண்டில், போட்ட இரண்டாம் வருஷமும் நாலாம் வருஷமும் கம்பெனி ஆள் வயலுக்கு வந்து டம்ளர் பிடித்துக் காட்டினால்தான் தொகையின் கடைசிப் பகுதி பட்டுவாடா ஆகும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வேப்பமரத்தில் தொங்கும் ஓஸ்களில் பாதி கீழே இறங்கிவிடும்.